பெண்கள் நல பேத்தாலஜியில் ஃபெல்லோஷிப்: நெல்லைப் பக்கமிருந்து கிளம்புகிறவர்களுக்கு

எம்.டி. அல்லது டி.என்.பி. பேத்தாலஜி (திசுவை நுண்ணோக்கியில் பார்த்து நோயைச் சொல்லும் துறை) முடித்துவிட்டு, மார்பகம், கருப்பை, சினைப்பை, கருப்பை வாய், நஞ்சுக்கொடி இவற்றில் மேற்கொண்டு ஒரு வருடமாவது பயிற்சி எடுக்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஹைகிரவுண்டில் (திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில்) படித்தவர்கள், பாளையங்கோட்டையிலோ தென்காசியிலோ வள்ளியூரிலோ லேப்பில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதுகிறவர்கள், இவர்கள்தான் என் மனதில் இருக்கிறார்கள். சென்னைக்காரர்கள் ஒரு மதியப் பொழுதில் நேரில் போய்க் கேட்டுவிட்டு வந்துவிடுவார்கள். நமக்கு ஒவ்வொரு கையெழுத்துக்கும் ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் ஏற வேண்டியிருக்கிறது. நான் பட்ட அலைச்சலில் பாதியாவது உங்களுக்குக் குறையட்டும்.

1. கையில் என்ன வரும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

மூன்று வருட டி.எம். ஆன்கோபேத்தாலஜி என்ற உயர்பட்டம் சில இடங்களில் இருக்கிறது. அது புற்றுநோய் முழுவதற்கும் பொது. அதற்கான நுழைவு வழியும் தனி. மற்றபடி ஒரு வருடம், இரண்டு வருடம் என்று மருத்துவமனைகள் தாமே நடத்தும் ஃபெல்லோஷிப்பின் சான்றிதழை மருத்துவ கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பெரும்பாலும் பதிய முடியாது. பெயர்ப்பலகையில் இன்னும் நாலு எழுத்து சேரும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். அமெரிக்காவிலும் இதே கதை. அங்கே பேத்தாலஜி போர்டு சைட்டோபேத்தாலஜிக்கும் (செல்) ஹெமட்டோபேத்தாலஜிக்கும் (ரத்தம்) உட்பிரிவுத் தேர்வு வைக்கிறது. மார்பகத்துக்கும் கைனக்குக்கும் (பெண் இனப்பெருக்க உறுப்புகள்) வைப்பதில்லை.

அப்புறம் எதற்குப் போக வேண்டும்? கண்ணுக்காக. அம்பாசமுத்திரம் பக்கமிருந்து ஒரு மாஸ்டெக்டமி (முழுதாக அகற்றிய மார்பகம்) வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய நாள் சாயங்காலம் எடுத்தது. வாய் குறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் திணித்து, கொஞ்சம் ஃபார்மலின் ஊற்றி, கட்டியைக் கீறாமலே அனுப்பியிருப்பார்கள். தோல் விறைத்திருக்கும். நடுவில் கத்தியை இறக்கினால் கட்டி இன்னும் பச்சையாக, கொழகொழவென்று இருக்கும். அதில் ஈ.ஆர். (ஹார்மோன் மாத்திரை வேலை செய்யுமா என்று காட்டும் ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர்) நெகட்டிவ் என்று வந்தால், அது கட்டியின் குணமா, ஃபார்மலின் உள்ளே போகாததன் விளைவா? எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும், 6 முதல் 72 மணி நேரம் ஊற வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் பக்கத்திலிருக்கும் சாதாரண டக்ட்டாவது (பால்குழாய்) சாயம் ஏற்றிருக்கிறதா என்று முதலில் தேடுவதும், அதுவும் ஏற்காவிட்டால் ரிப்போர்ட்டை நிறுத்திவைத்து வேறு பிளாக்கில் (மெழுகில் பதித்த திசுத்துண்டு) திரும்பப் போடச் சொல்வதும், ஒழுங்காக ஊறிய டிஷ்யூவை நூற்றுக்கணக்கில் பார்த்தவருக்குத்தான் கைவரும். அந்த ஒரு ரிப்போர்ட்டில்தான் அந்த அம்மா அடுத்த பல வருடம் மாத்திரை சாப்பிடுவாரா இல்லையா என்பது இருக்கிறது.

ஆகவே இடம், செலவு, காலம் எல்லாவற்றையும் ஒரே கேள்வியால் அளந்து பாருங்கள்: அங்கே எனக்கு என்னென்ன கேஸ் வரும், அதில் எத்தனையை நானே எழுதுவேன்?

2. பாண்டையும் ஒரிஜினல்களையும் முடித்துவிட்டு வாருங்கள்

அரசு ஒதுக்கீட்டில் எம்.டி. சேர்ந்தவர்கள், படித்தபின் குறிப்பிட்ட காலம் அரசுப் பணி செய்வதாகப் பாண்டு எழுதிக் கொடுத்திருப்பீர்கள். அந்தக் காலம் முடிந்து, முடித்ததற்கான கடிதம் வரும்வரை ஒரிஜினல் சான்றிதழ்கள் கைக்கு வருவது கஷ்டம். ஃபெல்லோஷிப்பில் சேரும் நாளன்று ஒரிஜினல் கேட்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, கிடைத்த இடத்தை விட்டவர்களை எனக்குத் தெரியும். பாண்டு முடியும் நாளுக்கு முன்பே, விடுவிப்புக் கடிதத்துக்கு யாரிடம் எந்த மாதிரிப் படிவத்தில் கேட்க வேண்டும் என்று அலுவலகக் கிளார்க்கிடம் விசாரித்து வையுங்கள். பேராசிரியரை விட அவருக்குத்தான் நடைமுறை தெரியும். கோப்பு எந்த மேஜையில் இருக்கிறது என்பதையும் அவரால்தான் சொல்ல முடியும்.

அரசுப் பணியில் இருப்பவர்கள் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்காமல் விண்ணப்பமே போடாதீர்கள். விடுப்பு எந்தக் கணக்கில் வரும், சம்பளம் உண்டா, பணிக்காலத்தில் இடைவெளி விழுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். "பார்த்துக்கலாம் டாக்டர்" என்று வாயால் சொன்னது மறு வருடம் செல்லாது. சொன்னவரே மாற்றலாகிப் போயிருப்பார்.

எம்.டி. பட்டத்தைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிந்துவிட்டீர்களா? இல்லையென்றால் முதல் வேலை அதுதான். மும்பை போகிறவர்களுக்கு மகாராஷ்டிர கவுன்சில் பதிவும், திருவனந்தபுரம் போகிறவர்களுக்குக் கேரளப் பதிவும் தேவைப்படும். அதற்கு நம் கவுன்சிலிலிருந்து என்.ஓ.சி. அல்லது நன்னடத்தைச் சான்று கேட்பார்கள். நன்னடத்தைச் சான்று சில மாதங்களுக்குத்தான் செல்லும். ரொம்ப முன்னாலேயே வாங்கி வைத்தும் பயனில்லை. இடம் உறுதியான உடனே விண்ணப்பிப்பதுதான் சரி.

எல்லா ஆவணத்தையும் கலரில் ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக, பெயரிட்டு வையுங்கள். ஆஸ்பத்திரி வாசல் ஜெராக்ஸ் கடையில் எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப். ஆக அடித்துத் தருவார்கள். விண்ணப்பப் பக்கங்கள் அதை ஏற்காது, அளவும் மீறிவிடும்.

3. உங்கள் பெயர் எத்தனை விதமாக இருக்கிறது என்று பாருங்கள்

சிரிக்காதீர்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இதைவிடப் பெரிய தொல்லை கிடையாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எஸ். இசக்கியம்மாள். எம்.பி.பி.எஸ். பட்டத்தில் இசக்கியம்மாள் எஸ். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து, அப்பா பெயர் சுடலைமுத்து குடும்பப்பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் வீட்டுக்காரர் பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது இசக்கி ஒரு இடத்தில் 'ஐ'யில் தொடங்கும், இன்னொரு இடத்தில் 'ஈ'யில். உள்நாட்டில் இதை ஒருவரும் பெரிதாகக் கேட்க மாட்டார். வெளிநாட்டுச் சரிபார்ப்பில் இத்தனையும் தனித்தனி ஆட்கள்.

உள்நாட்டு ஃபெல்லோஷிப் மட்டும் என்றால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று முத்திரைத்தாளில் பிரமாணம் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினால் பெரும்பாலும் போதும். பாளையங்கோட்டை கோர்ட்டுப் பக்கம் ஒரு காலையில் முடிகிற வேலை. முத்திரைத்தாள் எவ்வளவுக்கு வேண்டும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வெளிநாடு என்றால், பட்டத்தில் உள்ள பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக்கப் பாருங்கள். பாஸ்போர்ட்டை மாற்றுவது சுலபம். திருநெல்வேலியிலேயே சேவா கேந்திரம் இருக்கிறது. பல்கலைக்கழகப் பட்டத்தை மாற்றுவது அப்படியல்ல. பெயரே மாறியிருந்தால் அரசிதழில் வெளியிட வேண்டி வரும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். இந்த வேலையை எந்தத் தேர்வுக்கும் பணம் கட்டுவதற்கு முன்பு முடித்துவிடுங்கள். தேர்வுப் பதிவில் ஒருமுறை ஏறிய பெயரைத் திருத்துவது தனித் தலைவலி.

4. இடம் பார்ப்பது

இந்தியாவில் 'பெண்கள் நலம்' என்று மார்பகத்தையும் கைனக்கையும் சேர்த்துத் தனி ஃபெல்லோஷிப்பாக வைத்திருக்கும் இடங்கள் குறைவு. பெரும்பாலும் ஆன்கோபேத்தாலஜி அல்லது சர்ஜிக்கல் பேத்தாலஜி என்ற பெயரில் இருக்கும். அதற்குள் இந்த இரண்டும் சில மாதச் சுற்றாக வரும். ஜிப்மர் போன்ற இடங்களில் பி.டி.எஃப். (போஸ்ட் டாக்டரல் ஃபெல்லோஷிப்), பி.டி.சி.சி. (போஸ்ட் டாக்டரல் சான்றிதழ்ப் படிப்பு) என்று பெயர் மாறும். ஆகவே பெயரைத் தேடாமல், எத்தனை மாதம் மார்பக, கைனக் மேஜையில் உட்கார வைப்பார்கள் என்று கேளுங்கள்.

நமக்குக் கிட்டத்தில் இருக்கும் பெரிய புற்றுநோய் மையம் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. தான். நம் நோயாளிகளே நாகர்கோவில் வழியாக அங்கே போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அடுத்து சென்னையில் அடையாறு புற்றுநோய் நிறுவனம், வேலூர் சி.எம்.சி., மும்பையில் பரேல் டாடா மெமோரியல். இவற்றின் அறிவிப்புகள் வருடத்துக்கு வருடம் மாறும். அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் அறிவிப்பு பல சமயம் போன வருடத்தது.

இங்கே பலர் யோசிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. புற்றுநோய் மையத்தில் புற்றுநோய்தான் வரும். நாம் இங்கே தினமும் பார்ப்பது என்ன? ரத்தப்போக்குக்காகச் சுரண்டிய எண்டோமெட்ரியம் (கருப்பையின் உள்படலம்), குழந்தையின்மைக்கு எடுத்த பயாப்ஸியில் எங்காவது ஒளிந்திருக்கும் காசநோய் கிரானுலோமா, முத்துப்பிள்ளையா (நஞ்சுத் திசு நீர்க்குமிழிகளாக வளரும் மோல் கர்ப்பம்) வெறும் கருச்சிதைவா என்ற சந்தேகம், வயிற்றிலேயே இறந்த குழந்தையின் நஞ்சுக்கொடி. இவற்றைப் பெரிய புற்றுநோய் மையத்தில் ஒரு வருடம் இருந்தாலும் அதிகம் பார்க்க மாட்டீர்கள். இவை வேண்டுமென்றால் பெரிய பிரசவ ஆஸ்பத்திரி இணைந்த இடம் வேண்டும். வேலூர் போல எல்லாத் துறையும் ஒரே வளாகத்தில் உள்ள இடம், அல்லது எழும்பூர் தாய்சேய் நல மருத்துவமனையில் சில வாரம் பார்வையாளராக இருக்க அனுமதி. என்னைக் கேட்டால், ஊருக்குத் திரும்பி வரப்போகிறவர் இந்த இரண்டாவது வகையைத் தள்ளக் கூடாது. மார்பகப் புற்றுநோயை மட்டும் வைத்து நெல்லையில் எந்த லேப்பும் ஓடாது.

இப்போது அங்கே இருக்கும் ஃபெல்லோ ஒருவரைப் பிடித்துப் பேசுங்கள். துறைத்தலைவரிடம் கேட்க முடியாததை அவரிடம் கேட்கலாம். கிராஸிங் (வந்த உறுப்பை வெட்டித் துண்டெடுப்பது) மட்டுமே செய்ய வைக்கிறார்களா, முதல் ரிப்போர்ட்டை ஃபெல்லோ எழுதுகிறாரா? ஃப்ரோசன் (அறுவை நடக்கும்போதே திசுவை உறைய வைத்துப் பார்ப்பது) டூட்டி உண்டா? வாராந்திர டியூமர் போர்டில் (பல துறையினர் கூடிக் கேஸ் பேசும் கூட்டம்) ஸ்லைடை யார் காட்டுகிறார்? ஃபிஷ், எம்.எம்.ஆர்., பி53 போன்ற மரபணு, புரதச் சோதனைகளை அங்கேயே செய்கிறார்களா, வெளியே அனுப்புகிறார்களா? பழைய ஸ்லைடுகளைத் தனியாக உட்கார்ந்து பார்க்க விடுகிறார்களா? ஒரு ஃபெல்லோ இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் "ஹாஸ்டல் சாப்பாடு நல்லா இருக்கும்" என்று பேச்சை மாற்றினால், உங்களுக்கு விஷயம் புரிந்துவிடும்.

5. விண்ணப்பமும் சிபாரிசுக் கடிதமும்

அறிவிப்பு வந்தபின் அவகாசம் குறைவாகத்தான் இருக்கும். கடிதங்கள் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். உங்கள் துறைத்தலைவர், தீசிஸ் வழிகாட்டி, கூட வேலை பார்த்த ஒரு கைனகாலஜிஸ்ட் அல்லது சர்ஜன், இந்த மூன்று பேர் போதும். கைனகாலஜிஸ்ட் கடிதத்துக்குத் தனி மதிப்பு உண்டு. உங்கள் ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுத்தவர் அவர்.

நீங்கள் பார்த்த கேஸ், செய்த ஆய்வு இவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். "நல்ல பெண், கடின உழைப்பாளி" என்று மட்டும் எழுதிய கடிதம் எதற்கும் உதவாது. வெளிநாட்டுக்கு என்றால் கடிதம் கல்லூரி மின்னஞ்சலிலிருந்து போனால் நல்லது. நம் அரசுக் கல்லூரிப் பேராசிரியர்கள் பலர் ஜிமெயில்தான் வைத்திருப்பார்கள். கல்லூரி முகவரி உண்டா என்று முன்னாலேயே மெதுவாகக் கேட்டு வையுங்கள்.

6. நேர்முகம்

பெரும்பாலும் ஸ்லைடு வைப்பார்கள். ஃபைப்ரோஅடினோமாவா ஃபைலோட்ஸா (இரண்டும் மார்பகக் கட்டிகள்), மார்பகத்தில் பாப்பில்லரி கட்டி, சினைக்குழாய் நுனியில் எஸ்.டி.ஐ.சி. (இன்னும் பரவாத ஆரம்பப் புற்று), ஹை கிரேடு எண்டோமெட்ரியல் புற்றுநோய், சினைப்பையில் அடல்ட் கிரானுலோசா செல் கட்டி இவை எப்போதும் எதிர்பார்க்கத் தக்கவை. பெயரைச் சொல்வதோடு நிறுத்தாமல், அடுத்து என்ன ஸ்டெயின், ஏன், அது எங்கே ஏமாற்றும் என்று சொல்லுங்கள். பி57 என்ற ஸ்டெயின் கம்ப்ளீட் மோலை (முழு முத்துப்பிள்ளை) பிடித்துக் கொடுக்கும். பார்ஷியல் மோலையும் (பகுதி முத்துப்பிள்ளை) ஹைட்ரோபிக் அபார்ஷனையும் (நீர்கோத்த கருச்சிதைவு) பிரிக்க உதவாது. இப்படி ஒரு வரி சொன்னால் போதும், எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

படிக்க வேண்டியவை: உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்தாம் பதிப்பு வகைப்பாடு (மார்பகம் 2019, பெண் இனப்பெருக்க உறுப்புகள் 2020), எண்டோமெட்ரியப் புற்றுநோய்க்கான ஃபிகோ (பன்னாட்டு மகப்பேறியல் கூட்டமைப்பு) 2023 ஸ்டேஜிங், POLE, எம்.எம்.ஆர்., பி53 வைத்துப் பிரிக்கும் மூலக்கூறு வகைகள், மார்பகப் புற்றுநோயில் ஹெர்2 புரதத்துக்கான மதிப்பெண் முறை. ஐ.சி.சி.ஆர். (புற்றுநோய் ரிப்போர்ட்டை ஒரே முறையில் எழுத வைக்கும் பன்னாட்டு அமைப்பு) ரிப்போர்ட் படிவங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றில் ஒவ்வொரு தலைப்பும் ஏன் இருக்கிறது என்று படித்தாலே பாதித் தயாரிப்பு முடிந்தது.

7. வெளிநாடு

அமெரிக்காவில் கைனக், மார்பகம், இரண்டும் சேர்ந்த பெண்கள் நலம் என்று ஒரு வருட ஃபெல்லோஷிப்புகள் உண்டு. பெரும்பாலும் ஜூலை 1 தொடக்கம். ஒன்றரை முதல் இரண்டு வருடம் முன்னாலேயே இடங்கள் நிரம்பத் தொடங்கும். பல இடங்கள் அங்கேயே ரெசிடென்சி முடித்தவரைத்தான் எடுக்கும். வெளியில் பயிற்சி பெற்றவரை எடுக்கும் இடங்களும் இருக்கின்றன. முதலில் ஒரு மின்னஞ்சல் அனுப்பி "இந்திய எம்.டி. போதுமா, எந்த விசா தருவீர்கள்" என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள். யூ.எஸ்.எம்.எல்.இ. (அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வு) ஸ்டெப் 1, ஸ்டெப் 2 சி.கே. முடித்து ஈ.சி.எஃப்.எம்.ஜி. (வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்கான) சான்று வாங்க வேண்டியிருக்கும். விசா ஹெச்1பி (வேலை விசா) என்றால் ஸ்டெப் 3-ம் வேண்டும். ஜே1 (பயிற்சி விசா) என்றால் நம் மத்திய சுகாதார அமைச்சகத்திலிருந்து 'ஸ்டேட்மென்ட் ஆஃப் நீடு' (இந்தப் பயிற்சி நாட்டுக்குத் தேவை என்ற) கடிதம் வேண்டும். பயிற்சி முடித்து இரண்டு வருடம் ஊரில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்து வரும். திரும்பி வரத்தான் போகிறீர்கள் என்றால் இது ஒரு தடையே இல்லை.

பிரிட்டனுக்கு எம்.டி.ஐ. (வெளிநாட்டு மருத்துவர்களுக்கான பயிற்சித் திட்டம்) என்ற வழி இருக்கிறது. அதிகபட்சம் 24 மாதம். ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக்கில் மொத்தம் 7.5, ஒவ்வொரு பிரிவிலும் 7 வேண்டும், அல்லது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யில் நான்கு பிரிவிலும் 'பி' கிரேடு வேண்டும். இந்த மதிப்பெண்கள் இரண்டு வருடம்தான் செல்லும். இடம் தேடத் தொடங்குவதற்கு முன் எழுதிவிட்டு, பிறகு காலாவதியாகி மறுபடி பணம் கட்டுகிறவர்கள் ஏராளம். ஆறு மாதத்துக்கு மேல் தங்கும் விசாவுக்குக் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். அங்கீகரித்த கிளினிக்கில்தான் எடுக்க வேண்டும். அதற்குச் சென்னை போய்வரும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்சர்வர்ஷிப் (வெறும் பார்வையாளராக இருப்பது) என்பது வேறு. சம்பளம் கிடையாது, ரிப்போர்ட்டில் கை வைக்க முடியாது, செலவு முழுக்க உங்களுடையது. ஒரு மாதம் போய்ப் பார்த்துவிட்டு வருவதில் தவறில்லை. கடன் வாங்கிப் போகிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

8. பணம்

உள்நாட்டில் சில இடம் ஸ்டைபெண்ட் தரும், சில இடம் உங்களிடமே கட்டணம் வாங்கும். அறிவிப்பில் இந்த வரியைத் தேடிப் படியுங்கள். தந்தாலும் முதல் மாதத் தொகை கைக்கு வர இழுக்கும். இரண்டு மூன்று மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். பரேல் சுற்றுவட்டாரத்தில் வாடகை நம் பெருமாள்புரம் கணக்கில் வராது. முன்பணமும் தரகும் சேர்த்துப் பாருங்கள். ஹாஸ்டல் உண்டா, குடும்பத்தோடு தங்கலாமா என்று சேருவதற்கு முன்பே கேளுங்கள். சின்னக் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகிறவர்கள் திருவனந்தபுரத்தைப் பட்டியலின் மேலே வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சனிக்கிழமை மதியம் கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம்.

சிறு செலவுகள்: போலீஸ் கிளியரன்ஸ் 500 ரூபாய், புதிய 36 பக்க பாஸ்போர்ட் 1,500, தட்கால் என்றால் கூட 2,000. பெரிய இழப்பு ஒன்று கணக்கில் வராமல் போகும். லேப்களில் கேஸுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த வருமானம் மொத்தமாக நிற்கும். அந்த லேப்களை யாரிடம் ஒப்படைக்கிறீர்கள், திரும்பி வந்தால் தருவார்களா என்று பேசிவிட்டுக் கிளம்புங்கள்.

9. சேர்ந்த பிறகும், முடித்துக் கிளம்பும்போதும்

முதல் நாளிலிருந்து லாக் புக் எழுதுங்கள். நோயாளி பெயர் வேண்டாம். கேஸ் வகை, உங்கள் முதல் கருத்து, இறுதி ரிப்போர்ட், எங்கே வேறுபட்டது, இவ்வளவு போதும். மாதாமாதம் கையெழுத்து வாங்குங்கள். கடைசி வாரத்தில் மொத்தமாகக் கொண்டுபோனால் கையெழுத்துப் போட வேண்டியவர் மாநாட்டுக்குப் போயிருப்பார்.

டெக்னீஷியன்களோடு உட்காருங்கள். ஆன்டிஜென் ரிட்ரீவல் (சாயம் ஏறத் திசுவைத் தயாராக்குவது) எப்படிச் செய்கிறார்கள், கன்ட்ரோல் பிளாக் (சாயம் சரியாக ஏறியதா என்று ஒப்பிட வைப்பது) எப்படித் தயாரிக்கிறார்கள், சினைக்குழாய் நுனியை எப்படி நீளவாக்கில் வெட்டி முழுதையும் போடுகிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். ஊருக்கு வந்தபின் உங்கள் லேப்பில் இதைச் சொல்லிக்கொடுக்க வேறு ஆள் இருக்க மாட்டார்.

ஸ்லைடோ பிளாக்கோ எழுத்தில் அனுமதி இல்லாமல் கொண்டுவராதீர்கள். படம் எடுக்கவும் கேட்டுக்கொள்ளுங்கள். கிளம்பும் நாளன்று ஃபெல்லோஷிப் சான்றிதழ், அனுபவச் சான்றிதழ், நிலுவை இல்லை என்ற கடிதம், கொடுத்து வைத்த ஒரிஜினல்கள் எல்லாவற்றையும் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். தபாலில் அனுப்புகிறோம் என்றால் இன்னொரு நாள் தங்கியாவது வாங்கிவிடுங்கள். வேறு மாநிலக் கவுன்சிலில் பதிந்திருந்தால், தமிழ்நாட்டுக்குத் திரும்புவதற்கான என்.ஓ.சி. விண்ணப்பத்தையும் அங்கிருக்கும்போதே போட்டுவிடுங்கள்.